பம்பு வீட்டு ஆறு

“பா, நீங்க குதிச்ச பாறை எது? அதுவா?”

தனுஜா காரின் கண்ணாடியை இறக்கி, தேயிலைச் சரிவுக்கு அடியில் தெரிந்த ஆற்றைக் காட்டினாள். ஈப்போவில் கிளம்பியதிலிருந்து அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு வேறு பேச்சே இல்லை.

“அதான்மா. ஆனா மழ வர்ற மாதிரி இருக்கே,” என்றான் புனிதன்.

“வெயில் அடிக்குதுலா,” என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி சுபத்ரா. “ரிங்லெட் தாண்டினதுலேருந்து மழ மழன்னே சொல்லிக்கிட்டு வர்றீங்க. ஒரு சொட்டு விழல.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த புனிதனின் கைகள் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தன.

இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அவன். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் எல்லாம் பழைய பம்பு வீட்டுக்குக் கீழே இந்த ஆற்றில்தான் கிடப்பார்கள். பாறையிலிருந்து குதிப்பது, மூச்சடக்கி அடிமண்ணை அள்ளி வருவது, உதடு நீலம் பாரித்தாலும் கரையேறாமல் அடம்பிடிப்பது. இதையெல்லாம் மகளுக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தான். அதைக் கேட்டுத்தான் அவள், “எனக்கு நீச்சல் கிளாஸ் வேணாம். அப்பாகிட்டயே கத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டாள்.

காரை நிறுத்திவிட்டு மூவரும் இறங்கி நடந்தார்கள். பாதி வழியில் பூச்சிமருந்து டாங்கியை முதுகில் சுமந்தபடி எதிரே வந்தவர் நின்று உற்றுப் பார்த்தார்.

“டேய், நீ புனிதன் இல்ல?”

“இருளப்பா!” புனிதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே லைனில் வளர்ந்தவர்கள். “ஆறு எப்படிடா இருக்கு?”

“நேத்து மேல நல்ல மழ. இழுப்பு ஜாஸ்தி. பிள்ளைய எறக்காத.”

புனிதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “கேட்டியா சுபா? தெரிஞ்சவன் சொல்றான். திரும்பிடலாம்.”

தனுஜாவின் முகம் விழுந்துவிட்டது. “காலையாவது நனைச்சிட்டு வரேன்பா. ஒரே ஒரு தடவ.”

“சரி. ஓரத்துலதான். ஓரத்த விட்டு நகரக் கூடாது.”

கரையில் நின்று அதையே நாலு தடவை சொன்னான். ஐந்தாவது தடவை சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பாசி படிந்த கல்லில் கால் வைத்தாள். கால் வழுக்கியது. சத்தம்கூட வரவில்லை. இரண்டு சின்னக் கைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

“தனுஜா!” சுபத்ரா அலறினாள்.

புனிதன் செருப்போடு பாய்ந்தான். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. மகளின் சட்டை கையில் சிக்கியதும் இரண்டு கையாலும் அவளைத் தூக்கிக் கரைப்பக்கம் தள்ளினான். சுபத்ரா எட்டி அவள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பிள்ளை இருமினாள், அழுதாள்.

சுபத்ரா நிமிர்ந்து பார்த்தபோது ஆற்றில் புனிதனைக் காணவில்லை.

பின்னாலேயே வந்திருந்த இருளப்பன் டாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார். ஒரு தடவை வெறுங்கையோடு மேலே வந்தார். மறுபடியும் முங்கினார். இரண்டாவது தடவை காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டார். வயிற்றை அமுக்கியதும் புனிதன் தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறந்து மகளைத் தேடினான். அவள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சுபத்ரா இருளப்பன் பக்கம் திரும்பினாள்.

“எப்படிண்ணே? இவ்வளவு நல்லா நீந்துறவரு எப்படி முங்கினாரு? கால் இழுத்துக்கிச்சா?”

“யாரு, புனிதனா?” இருளப்பன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே அவளைப் பார்த்தார். “நாங்க குளிக்கிறப்ப எங்க துணிக்குக் காவலா கரையிலயே உக்காந்திருப்பான்மா. அவன் தண்ணியில எறங்கினதே இன்னைக்குத்தான்.”