கண்டாக்கையாவைப் பற்றி நாலு வரி

பிள்ளைகள் எழுதிய கவிதைகளைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார் சிவசாமி வாத்தியார். தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு றோலண்ட் அதில் ஒன்றைக் கிழித்தெடுத்து உரக்கப் படித்தார்.

"மலையில கண்டாக்கு புலி,
தொரை வந்தா மூலையில எலி,
காலையில கண்ணாடி முன்னாடி
'எஸ் சார்' பழகுது தலையாட்டி!"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"எவன் வீட்டுப் புள்ள வாத்தியாரே இது?"

"விடுங்கய்யா. கண்ணால பாத்ததை எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அந்தக் குடும்பத்துக்கு இன்னைக்கே பத்துச்சீட்டு குடுத்து, தோட்டத்தை விட்டே அனுப்பலன்னா நான் கண்டாக்கு இல்ல! யாரு எழுதுனது?"

மூன்றாம் வகுப்பு ஐவி எழுந்து நின்றாள்.

"நான்தாம்ப்பா எழுதுனேன். நாம எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"