பிடுங்கிய ஒயர்

திறந்துகிடக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பாளையங்கோட்டை வெயில் விழுகிறது. ஒன்று செத்தாலும் மற்றது காக்கட்டும் என்றுதான் பியூலா அதில் இரண்டு டிஸ்க்குகளைப் போட்டு, காலமான அப்பாவின் பிரசங்கங்களையெல்லாம் டைப் அடித்து ஏற்றியிருந்தாள். ஒன்று எப்போதோ செத்திருக்கிறது. மற்றது இப்போது நறநறவென்று பல்லைக் கடிக்கிறது. புது டிஸ்க்கில் நகல் பாதிகூட ஏறவில்லை. ஒரு டிஸ்க் செத்ததுமே கத்தி எச்சரிக்க வேண்டிய குட்டி ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கப்பட்டு, டேப் சுற்றி, அழகாக மடித்துச் செருகப்பட்டிருக்கிறது. அந்த மடிப்பு கணவன் ஜெபசிங்கின் கைவேலைதான்.

“ஜெப நேரத்துல கீச்சு கீச்சுன்னு கத்திச்சு, பியூலா. அதான் பைய பிடுங்கிட்டேன்.”

“எப்பம்?”

“கிறிஸ்மஸுக்கு முந்தி.”

சுவரில் குருத்தோலைச் சிலுவை காய்ந்து தொங்குகிறது. இத்தனை மாதமும் மாலைதோறும் இந்தப் பெட்டியருகேதான் இருவரும் முழங்கால் போட்டிருக்கிறார்கள். டேப்பை உரித்து ஒயரைச் செருகுகிறாள். பெட்டி வீறிடுகிறது. பதறி நீளும் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“கத்தட்டும். இப்பமாவது கேளுங்க.”