பரிசு கேட்டு வந்தவள்

அல்மாத்தியின் காலை வெயில் பனிமலையில் பட்டுத் தெறித்து ஆய்வகச் சன்னலுக்குள் வெள்ளையாய் விழுகிறது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருக்கும் மெருயெர்த் மூச்சுவிடவும் பயப்படுகிறாள். உயிரி மருத்துவப் பொறியியல் ஆராய்ச்சி மாணவி அவள். வளர்த்த இதயச் செல்களெல்லாம் குளிர்காலம் முழுக்கத் தட்டுத் தட்டாய்ச் செத்துப்போக, மிஞ்சியது இந்த ஒரு தட்டுதான். கதவைத் தள்ளிக்கொண்டு தோழி ஷோல்பான் ஓடிவருகிறாள், கையில் கைபேசி. "சூயின்ஷி! சூயின்ஷி!" நல்ல சேதி கொண்டுவந்தவருக்குக் கேட்பவர் பரிசு தருவது கசாக் வழக்கம், அதைக் கேட்கும் கூவல் இது; பரிசு வாங்காமல் வாயைத் திறப்பாளா? "ஜெர்மனி உதவித்தொகை முடிவு வந்துருச்சுடி! உன் கழுத்துல இருக்கற பட்டுத்துணியக் குடு, அப்பதான் சொல்லுவேன்." மெருயெர்த் நிமிரவில்லை. "கத்தாதடி. இங்க வந்து பாரு." "ஏமாத்தப் பாக்கறியா, கஞ்சப் பிசினாரி!" சிரித்துக்கொண்டே குனிகிறாள் ஷோல்பான். சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. இளஞ்சிவப்புத் திரவத்தின் அடியில், உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒரு திட்டு தானாகவே சுருங்குகிறது. விரிகிறது. மறுபடி சுருங்குகிறது. உடம்பு கிடையாது, மார்பு கிடையாது, ஆனாலும் துடிக்கிறது. மூலையில் தேநீர்க் கெட்டில் இரைந்து இரைந்து அடங்குகிறது. ஷோல்பானின் கை தன்னையறியாமல் தன் நெஞ்சுக்குப் போகிறது. "யாருடி இதத் துடிக்கச் சொன்னது?" "தெரியல. நான் சொல்லல." மேசைமேல் கைபேசியின் வெளிச்சம் அணைகிறது, அதிலிருக்கும் சேதியை ஒருத்தி கேட்கவுமில்லை, மற்றவள் சொல்லவுமில்லை. கண்ணை எடுக்காமலே ஷோல்பான் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து மெருயெர்த்தின் கையில் வைக்கிறாள்.