இருநூற்று எழுபத்து மூன்று

"இதுகூடத் தெரியாமலா முதல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கே?"

டீச்சர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. கண்ணாடி போட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர். டீச்சரின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். வரலாறு படித்தவர். போர்டைவிடப் பிள்ளைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

கடவுளே, இன்றைக்கு மட்டும் தடுமாறாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டுதான் டீச்சர் சாக்பீஸையே எடுத்திருந்தாள்.

வெப்பநிலையை வைத்து வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு. இந்த அறையில் இருக்கிற நைட்ரஜன், இருபத்தேழு டிகிரி செல்சியஸ் என்று சொல்லி, மளமளவென்று எண்களைப் போட்டுக்கொண்டே வந்தாள். விடை எழுதப் போகிற நேரம் பார்த்து அந்தப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், அப்போ பூஜ்ஜியம் டிகிரி குளிர்ல மூலக்கூறெல்லாம் அசையாம நின்னுடுமா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. செல்சியஸை அப்படியே போடக் கூடாது, 273 கூட்டிக் கெல்வினாக்கித்தான் போட வேண்டும் என்று நேற்றுத்தானே தொண்டை கிழியச் சொன்னேன் என்று பிடித்துக்கொண்டாள். அதன் முடிவில்தான் அந்த முதல் பெஞ்சுப் பேச்சு.

பேசிய சூட்டோடு போர்டுப் பக்கம் திரும்பியவள், ஒரு கணம் அப்படியே நின்றாள். உள்ளங்கையால் எதையோ துடைத்தாள். முந்நூறு என்று எழுதிக் கணக்கை முடித்தாள். நொடிக்கு 476 மீட்டர்.

குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

மணி அடித்ததும் வராந்தாவில் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"நல்லபடியா முடிஞ்சுதா டீச்சர்?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போய்ச் சாப்பிடும்மா என்று மட்டும் சொன்னாள்.

தலைமையாசிரியருக்கு ஏக சந்தோஷம். மக்குப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி நடத்தினீர்கள், நிரந்தரம் செய்யச் சொல்லி இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார்.

"அந்தக் கண்ணாடியைத்தான் அறிவியல் போட்டிக்கு அனுப்பறதா இருந்தேன். நல்லவேளை, சாயம் வெளுத்துடுச்சு. வேற யாரையாவது சொல்லுங்க."

டீச்சர் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"273 கூட்ட மறந்தது அவ இல்ல சார். போர்டுல வெறும் 27னு போட்டது நான். உங்க எதிர்ல என் தப்பைச் சொல்ல மனசு வராமதான், அவ மக்கு மாதிரி எழுந்து நின்னா."