மூக்கருகே நின்ற கோப்பை

இக்ராவின் உதட்டருகே கோப்பை போன அந்த நொடியில்தான் யாங்கோனில் தாமுவே பேட்டை முழுக்கக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. வைஃபை போனது. கமருன்னிசாவின் கைப்பேசியில் வீடியோவும் அப்படியே நின்றுவிட்டது.

முக்காடு போட்ட மகள். கையில் கருஞ்சிவப்பாய் ஒயின். அதுவும் நோன்பு மாதத்தில்!

இத்தாலியில் இக்ராவுக்குச் சுற்றுலா வழிகாட்டி வேலை. பகலெல்லாம் பழைய ஊர்களையும் தேவாலயங்களையும் காட்டி, மலைப்பாதைகளில் ஏற்றி இறக்கி, மாலையில் பயணிகளை ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்க உட்காரவைக்க வேண்டும். நேற்றைய பயணத்தைக் கம்பெனிக்காரர்கள் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள்.

‘காட்டுவதோடு சரி, வாயில் வைக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அதை நம்பித்தான் கமருன்னிசா இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுப்பில் நோன்புக் கஞ்சி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. கைப்பேசியை வாயருகே வைத்துப் பொரிந்து தள்ளினாள்.

"இனி எனக்கு மகளே இல்ல. உம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு வராத."

குரல் செய்தி போகவில்லை. டவரும் படுத்துவிட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்குமோ என்று படிவரை போய்விட்டாள்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்த கணவர் அய்யூப், அசையாமல் நின்ற அந்தப் படத்தைப் பார்த்தார்.

"முழுசாப் பாத்தியா கமரு? மீ வரட்டும், கரண்ட் வந்ததும் பாப்போம்."

பிற்பகல் அஸர் நேரத்தில் தெருவே பர்மிய மொழியில் "மீ லாபீ!" என்று கூவியது. கரண்ட் வந்துவிட்டது.

கோப்பை உதட்டைத் தொடவேயில்லை. மூக்கருகே நின்றது. எப்படி மணந்து பார்ப்பது என்று பயணிகளுக்குக் காட்டிவிட்டு இக்ரா அதைக் கீழே வைத்தாள்.

யாரும் குடிக்கவில்லை. நீள மேசையைச் சுற்றி அத்தனை பேரும் நிரம்பிய கோப்பைகளோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

தோட்டத்துச் சொந்தக்காரி வாசலில் நின்று, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கிச் சைகை காட்டினாள். ஓட்டமும் நடையுமாக வந்து இக்ராவின் முன்னால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்தாள்.

இக்ரா நோன்பு திறந்த பிறகுதான் அந்த மேசையில் முதல் கோப்பை உயர்ந்தது.

கமருன்னிசா விக்கி விக்கி அழுதாள். ‘மறுபடி அனுப்பவா?’ என்று கேட்டுக்கொண்டு நின்ற குரல் செய்தியை அவசர அவசரமாக அழித்தாள்.

கரண்ட் போனதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன ஆள் அன்றைக்கு யாங்கோனிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மாலையில் அடிப்பிடித்த கஞ்சிக்கு முன்னால் கையேந்தியபோது, முதல் துஆ அந்தத் தோட்டக்காரிக்கு. அவள் வீட்டில் செல்வமும் பரக்கத்தும் பெருகட்டும் என்று மனமுருகக் கேட்டாள்.

அவள் தொழில் என்ன என்பதை மட்டும் அல்லாஹ்விடம் சொல்லவில்லை.