மீதி நாலு வரி

“அங்கிள், நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று பக்கத்து வீட்டு லாவண்யாவின் மகன் ஒருநாள் எங்கள் வாயிற்காவலர் ஆதிகேசவனிடம் கேட்டான். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர் அதற்குப் பதிலாக எழுதிய கவிதையை இன்று, குடியரசு தினத்தில், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பின் பந்தலில் வாசிக்கிறார். காற்றே இல்லை, ஆனாலும் காகிதம் படபடக்கிறது. “ஒருவனை. என் தம்பி வயது. முகத்தைப் பார்த்துச் சுட்டேன்” என்கிறார். உடனே விசில் பறக்கிறது. கேசரியை மென்றபடியே கைதட்டுகிறார்கள். நெய் ஒட்டிய விரல்களோடு நானும் தட்டிவிடுகிறேன். “செம மாஸ், அண்ணா!” என்று தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலகுமார் மைக்கைப் பிடுங்குகிறார். “கை நடுங்குற ஆக்டிங் பார்த்தீங்களா? அடுத்து ஃபேன்சி டிரஸ்!” “இன்னும் நாலு வரி இருக்குது சார்” என்கிறார் ஆதிகேசவன். அதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. கேசரித் தட்டைக் கீழே வைக்கிறேன். எங்கள் எல்லோர் மேலும் அருவருப்பாக வருகிறது. அந்த மனிதர் சொல்ல வந்ததைக் கேட்காமல் தட்டிய தட்டல், ஆண்டவன் முன்னால் பட்ட கடனாக உறுத்துகிறது. பந்தல் காலியானதும் அவர் நாற்காலிகளை அடுக்குகிறார். நான் ஒன்றை இழுத்துப் போட்டு எதிரே உட்காருகிறேன். “அந்த நாலு வரியைப் படிங்கண்ணா.” “விடுங்க மேடம், கேட்ல ஆளில்ல.” நான் எழவில்லை. அவர் காகிதத்தைப் பிரிக்கிறார்.

“தண்ணீர் கேட்டான்.
என் குப்பியில் இருந்தது.
கொடுக்கவில்லை.
குழாயைத் திறக்கும்போதெல்லாம் கேட்கிறான்.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்கிறேன்.