சாப்பாட்டு மேசைக்கான மொழி

நட்சுமி உணவுத் தட்டோடு தூணருகே நின்றாள்.

"இண்டைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை," என்றாள் ஆங்கிலத்தில்.

"இஞ்சை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். நீயாக் கேட்டுட்டுப் போய் இருக்கவேணும்," என்றேன்.

ஒசாக்காவிலிருந்து நோர்வேக்குப் படிக்க வந்தவளுக்கு அது பிடிபடவேயில்லை. அழைக்காத மேசையில் எப்படிப் போய் அமர்வது?

ஆய்வுகூடத்தில் அவளுடைய ஆங்கிலம் போதும். அங்கே எல்லோரும் அவளுக்காக ஆங்கிலத்தில் பேசுவார்கள். பதினொன்றரைக்கு மதிய உணவுக்கான பாண் பொதியைப் பிரித்ததும் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவார்கள்.

சாப்பாட்டு மேசைக்குத்தான் அவளுக்கு மொழி வேண்டியிருந்தது.

அதனால் என்னிடம் வந்தாள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பேச்சுத்துணை தேவை என்று பல்கலைக்கழகம் கேட்டபோது நான் பெயர் கொடுத்திருந்தேன்.

ஒருவரோடு மட்டுமென்றால் எனக்குப் பேச வரும். நான்கு பேர் சேர்ந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். "வாயைத் திறந்து கதையன் பிள்ளை, முத்தே உதிர்ந்திடும்?" என்று அம்மா நக்கலடிப்பார்.

ஒரே வாக்கியத்தை இருவரும் வாரக்கணக்காகப் பழகினோம். இங்கே அமரலாமா?

இன்று நட்சுமி போனாள். துணைக்கு நானும் பின்னால் போனேன்.

காது சிவக்கக் கேட்டாள்.

ஆய்வுகூடத்தில் அவளோடு இருக்கும் ஜோனாஸ் கதிரையிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தான். "இரு, இரு. நாங்கள் பாணைத்தான் கடிப்பம், ஆக்களைக் கடிக்கமாட்டம்."

நோர்வேஜிய மொழியில்தான் சொன்னான். நட்சுமிக்கு விளங்கியது. சற்றுத் தாமதமாகச் சிரித்தாள். அவள் சிரித்ததும் மேசையே சிரித்தது.

ஒருவரும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

பக்கத்திலிருந்த பெண் அவளிடம் ஏதோ கேட்டாள். நட்சுமி அவள் பக்கம் திரும்பி, திக்கித் திக்கிப் பதில் சொல்லத் தொடங்கினாள்.

நான் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஜோனாஸ் என்னைப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஆங்கிலத்தில் கேட்டான். நீ நோர்வேக்கு எப்போது வந்தாய்?

நான் இங்கேதான், நோர்வேயின் ஹொல்ம்லியாவில் பிறந்தவள். முதலாம் ஆண்டிலிருந்து எல்லா விரிவுரைகளிலும் அவனுக்குப் பின்வரிசையில் இருக்கிறேன்.

சொன்னால் அவன் முகம் சிவக்கும். எல்லோரும் பாணைப் பார்ப்பார்கள். மேசை அமைதியாகிவிடும்.

நட்சுமி தன் பதிலின் இரண்டாவது வாக்கியத்தில் இருந்தாள்.

போன வருடம், என்றேன். ஆங்கிலத்தில்தான்.

ஜோனாஸ் அன்பாகத் தலையசைத்தான். கவலைப்படாதே, மொழி மெல்ல மெல்ல வந்துவிடும் என்று எனக்குத் தைரியம் சொன்னான்.